அபாய அறிவிப்பு ரிலே பலகை: அமைக்கும் முறையும் இயக்கும் முறையும்

ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில் அமைந்த ஹவுரா, ஆலைகளுக்கும் வார்ப்படச் சாலைகளுக்கும் நெடுநாளாகப் பெயர்பெற்ற நகரம். 1854-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் இங்கிருந்து ஹூக்ளி நகர் வரை ரயில் வண்டி ஓடத் தொடங்கியது. மறு ஆண்டில், அதே கரையில் வடக்கேயுள்ள ரிஷ்ராவில் நம் நாட்டின் முதலாவது சணல் நூற்பாலை நிறுவப்பெற்றது. நீராவியின் துணையால் தொழில் பெருகியபோது, நீராவியின் அபாயமும் உடன் பெருகிற்று. 1863-இல், நதியின் அக்கரையிலுள்ள கல்கத்தா நகரில் கொதிகலன் ஒன்று வெடித்துப் பலர் உயிரிழந்தனர். அதன் விளைவாக 1864-இல் வங்காள சட்டசபை, கல்கத்தா நகரிலும் அதன் புறநகர்களிலும் உள்ள கொதிகலன்களைச் சோதனையிடுவதற்கென ஒரு சட்டத்தை இயற்றியது. நாடு முழுமைக்கும் பொதுவான சட்டம் 1923-இல் வந்தது. அதனை நீக்கிப் புதிய கொதிகலன் சட்டம் 2025-இல் நடைமுறைக்கு வந்துள்ளது.

சட்டத்தின்படி சோதனை அதிகாரி கொதிகலனைப் பார்வையிடும் நாட்கள் ஆண்டில் மிகச் சில. மற்ற நாட்களிலும் இரவுகளிலும் அதனைக் காத்து நிற்பவர் கொதிகலன் கூடத்துச் சிப்பந்திகளே. அவர்களுக்குத் துணையாக நிற்கும் கருவிதான் அபாய அறிவிப்பு ரிலே பலகை. நீரேற்று நிலையங்களிலும், மின்சார உபநிலையங்களிலும், இரசாயனத் தொழிற்சாலைகளிலும் இத்தகைய பலகைகள் உள்ளன. எங்கிருப்பினும் இதன் தத்துவம் ஒன்றேயாதலின், கொதிகலன் கூடத்தையே உதாரணமாகக் கொண்டு, பலகை எவ்வாறு இயங்குகிறது, அதனை எவ்வாறு நிறுவ வேண்டும், எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் விளக்குவோம்.

அறிவிக்க வேண்டியது எது?

கொதிகலனில் தீயின் வெப்பம் படும் இரும்புத் தகடுகளையும் குழாய்களையும் நீர் எப்பொழுதும் மூடியிருத்தல் வேண்டும். நீர்மட்டம் தாழ்ந்து தகடு வெளிப்படுமாயின், வெப்பத்தை வாங்கிச் செல்ல நீரின்மையால், அத்தகடு சிறிது நேரத்திலேயே பழுக்கக் காய்ந்து வலுவிழக்கும். சதுர செண்டிமீட்டருக்கு 10 கிலோகிராம் அழுத்தத்தில் வேலை செய்யும் கொதிகலனிலுள்ள நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 184 டிகிரி செண்டிகிரேடு ஆகும். தகடு கிழிந்து அழுத்தம் திடீரென்று நீங்கும்போது, அந்நீரில் ஒரு பகுதி கணப்பொழுதில் நீராவியாகிறது. காற்று மண்டலத்தின் சாதாரண அழுத்தத்தில் நீராவியானது, தான் தோன்றிய நீரைப்போல் சுமார் 1,600 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். கொதிகலன் வெடிப்பின் வேகம் இதிலிருந்தே பிறக்கிறது.

ஆகவே, நீர்மட்டத் தாழ்வே கொதிகலன் கூடத்தில் முதலாவதாக அறிவிக்கப்பட வேண்டிய செய்தி. அதனையடுத்து, நீராவி அழுத்த மிகுதி, நீரூட்டும் பம்பு நின்றமை, காற்று விசிறி நின்றமை, நீர்மட்ட மிகுதி ஆகியவை வரும். பலகையின் முகத்தில் இவை ஒவ்வொன்றிற்கும் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் இருக்கும். சாளரத்தின்மேல் செய்தி எழுதப்பட்டிருக்கும். அதன் பின்னால் விளக்கு இருக்கும். விளக்கு எரியும்போது, கூடத்திலுள்ள யாவரும் கேட்குமாறு ஊதல் ஒலிக்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். அறிவிப்பு என்பது வேறு, நிறுத்தம் என்பது வேறு. நீர்மட்டம் சிறிது தாழ்ந்தவுடன் பலகை மனிதனை அழைக்கிறது. அவன் பம்பைக் கவனித்து நிலைமையைச் சீர்ப்படுத்த இன்னும் அவகாசம் உண்டு. அதற்கும் கீழே நீர் இறங்கினால், மனிதனை எதிர்பாராமல், தனியானதொரு சுவிட்சு விசிறியையும் எரிபொருள் ஊட்டத்தையும் தானாகவே நிறுத்திவிட வேண்டும். இவ்விரண்டிற்கும் ஒரே மிதவையையோ ஒரே சுவிட்சையோ பயன்படுத்தினால், அது கெடும்போது இரண்டு காவல்களும் ஒருங்கே போய்விடும்.

ரிலேயின் தத்துவம்

தொலைவிலிருந்து கம்பி வழியாகச் செய்தி அனுப்பும் முயற்சிக்கும் ஹவுராவுக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இரசாயனப் பேராசிரியராக இருந்த வில்லியம் ஓஷானசி என்பவர், 1839-இல் சிப்பூர் தாவரவியல் தோட்டத்தில் பல மைல் நீளமுள்ள கம்பியை அமைத்தும், அதில் ஒரு பகுதியை ஹூக்ளி நதி நீரினூடே செலுத்தியும், தந்திச் சோதனைகளை நடத்தினார். கம்பியின் மறுமுனையில் இருந்தவர், தம் விரல்களில் உணர்ந்த மின்சார அதிர்ச்சியைக் கொண்டே செய்தியை அறிந்தார். நெடுந்தூரம் கடந்து வரும் மின்னோட்டம் மிகவும் மெலிந்ததாகையால், அதனைக் கொண்டு பெரிய மணியை அடிப்பதோ விளக்கை எரிப்பதோ எளிதன்று.

இக்குறையைப் போக்கியதே ரிலே எனப்படும் மின்காந்தச் சாதனம். அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி முதலியோர் 1830-களில் இதன் தத்துவத்தை வகுத்தனர். மெல்லிய மின்னோட்டம் ஒரு கம்பிச் சுருளில் பாயும்போது, சுருளுக்குள் இருக்கும் இரும்பு காந்தமாகி, எதிரேயுள்ள சிறு இரும்புத் துண்டை இழுக்கிறது. அத்துண்டோடு இணைந்த தொடுமுனைகள் மற்றொரு மின்சுற்றை மூடவோ திறக்கவோ செய்கின்றன. இவ்வாறு, தொலைவிலிருந்து வரும் மெல்லிய மின்னோட்டம், அருகிலுள்ள வலிய மின்னோட்டத்தை ஆள்கிறது. இக்காலத்துப் பலகைகள் பலவற்றில் ரிலேக்களின் பணியை மின்னணுத் தகடுகள் ஏற்றுக்கொண்டுள்ளன. ஆயினும், கீழே கூறப்படும் விதிகள் இரண்டிற்கும் பொதுவானவை.

திறந்த சுற்றும் மூடிய சுற்றும்

ரிலேயை இணைப்பதற்கு இரு முறைகள் உண்டு. அபாயம் நேரும்போது சுவிட்சு மூடிக்கொண்டு, மின்னோட்டம் பாய்ந்து, ரிலே இழுக்கப்பட்டு, ஊதல் ஒலிப்பது முதலாவது முறை. நலமாக இருக்கும் காலமெல்லாம் சுவிட்சு மூடியிருந்து ரிலேயை இழுத்து வைத்திருக்க, அபாயம் நேரும்போது சுவிட்சு திறந்து, ரிலே விடுபட்டு, அதனால் ஊதல் ஒலிப்பது இரண்டாவது முறை.

மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர்க்கு முதலாவது முறையே சிக்கனமானதாகத் தோன்றும். சுருளில் நாள் முழுதும் மின்சாரம் ஓட வேண்டியதில்லை, சுருளும் சூடேறுவதில்லை. ஆனால், கம்பி ஓரிடத்தில் அறுந்துவிட்டது என்று கொள்வோம். முதலாவது முறையில் பலகை எவ்வித மாறுதலும் காட்டாது. நீர் தாழ்ந்து மிதவை இறங்கிச் சுவிட்சு மூடினாலும், செய்தி வந்து சேராது. நலத்தைக் குறிக்கும் மௌனமும், கம்பி அறுந்ததனால் உண்டான மௌனமும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாவது முறையிலோ, கம்பி அறுந்தாலும், முனையின் திருகு தளர்ந்தாலும், பியூஸ் போனாலும் ரிலே உடனே விடுபட்டு ஊதல் ஒலிக்கும். குறை தன்னைத்தானே அறிவித்துக்கொள்கிறது. ஆகவே, உயிருக்கு ஆபத்து விளைக்கக்கூடிய எந்த அறிவிப்பிற்கும் மூடிய சுற்றையே கைக்கொள்ள வேண்டும். பலகை மௌனமாக இருக்கிறது என்றால், அம்மௌனத்தை நம்பலாம் என்னும் நிலையை உண்டாக்குவதே இந்த விதியின் நோக்கம். பின்வரும் விதிகளின் நோக்கமும் அதுவே.

நிறுவும் முறை

பலகையை, கொதிகலனின் முன் நின்று வேலை செய்பவரின் பார்வையில் படும்படி, கண்ணுக்கு நேரான உயரத்தில் பொருத்த வேண்டும். உலை வாயிலின் அனல் நேராக வீசும் இடமும், நிலக்கரித் தூள் படியும் இடமும் விலக்கத்தக்கவை. ஹவுரா போன்ற ஆற்றங்கரை நகரங்களில் மழைக்காலத்து ஈரம் பெட்டிக்குள் பனித்துளியாகப் படிந்து தொடுமுனைகளைக் கறுக்கச் செய்யும். சணல் தூசியும் வார்ப்படச் சாலையின் மணல் தூசியும் ஈரத்தோடு சேர்ந்து பசைபோல் ஒட்டிக்கொள்ளும். எனவே, பெட்டியின் கதவில் இரப்பர் விளிம்பும், உள்ளே ஈரத்தை உலர்த்தும் சிறு வெப்பச் சுருளும் இருத்தல் நலம். கம்பிகளைப் பெட்டியின் அடிப்புறமாகவே உட்செலுத்தி, பயன்படாத துவாரங்களை அடைத்துவிட வேண்டும். அவ்வழியே நுழையும் பல்லியும் கரப்பும் செய்யும் தீங்கு சிறிதன்று.

கம்பிகளை அமைப்பதில் நான்கு செய்திகள் முக்கியமானவை.

முதலாவது, அறிவிப்புக் கம்பிகளை மோட்டார்களின் மின்கம்பிகளோடு ஒரே தட்டில் படுக்க வைத்தலாகாது. இரண்டிற்கும் இடையே ஓர் அடியேனும் விலகல் வேண்டும். கவசக் கம்பியாயின், அதன் கவசத்தை ஒரு முனையில் மட்டும் நிலத்தோடு இணைக்க வேண்டும்.

இரண்டாவது, மாறுதிசை மின்னோட்டத்தைக் கொண்டு நெடுந்தூரக் கம்பியில் ரிலேயை இயக்கும்போது எதிர்பாராத ஆபத்து ஒன்று உண்டு. அருகருகே ஓடும் இரு கம்பிகள் மின்தேக்கிபோல் செயற்படுவதால், சுவிட்சு திறந்த பின்னும் சிறிதளவு மின்னோட்டம் கசிந்து, ரிலேயை விடாமல் பிடித்து வைத்திருக்கக்கூடும். நேர்திசை மின்னோட்டத்தைப் பயன்படுத்தினால் இத்தொல்லை இராது. ஆதலின் பெரும்பாலும் 24 அல்லது 110 வோல்ட் நேர்திசை மின்சாரமே விரும்பப்படுகிறது. தூசியும் ஈரமும் மிகுந்த இடங்களில், தொடுமுனையின் மேற்படலத்தை ஊடுருவிச் செல்ல 110 வோல்ட் அதிக உதவியாகும்.

மூன்றாவது, நிலத்தோடு ஏற்படும் கசிவு. நிலத்தோடு இணைக்கப்படாத மின்கலச் சுற்றில், கம்பியின் காப்பு ஓரிடத்தில் கெட்டு நிலத்தைத் தொட்டால் உடனே தீங்கு தோன்றாது. மற்றோரிடத்திலும் அவ்வாறு நேர்ந்தால், மின்னோட்டம் சுவிட்சைச் சுற்றிக்கொண்டு நிலத்தின் வழியாகச் சென்று ரிலேயை இழுத்து வைத்திருக்கக்கூடும். அப்போது மூடிய சுற்றின் நன்மையும் பயனற்றுப்போகும். ஆகவே, முதற் கசிவையே காட்டிக்கொடுக்கும் நிலக்கசிவு ரிலே ஒன்று அவசியம்.

நான்காவது, ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும், வரைபடத்தில் உள்ள எண்ணையே பொறித்த வளையத்தை மாட்ட வேண்டும். வரைபடத்தின் பிரதி ஒன்று பலகையின் கதவுக்குள் இருத்தல் வேண்டும். நள்ளிரவில் பழுது பார்க்க வருபவர்க்கு வேறு துணை இல்லை.

பலகைக்கு வேண்டிய மின்சாரத்தை, பம்பும் விசிறியும் இயங்கும் அதே வழியிலிருந்து பெறுதல் பெருந்தவறு. மின்தடை ஏற்பட்டுப் பம்பு நிற்கும் வேளையில்தான் பலகை பேச வேண்டும். அவ்வேளையில் அதுவும் ஊமையாகிவிடலாகாது. தனி மின்கல அடுக்கும், அதற்கு மின்னேற்றும் கருவியும் வேண்டும். அந்த மின்சாரமும் நின்றுவிட்டால் அறிவிப்பதற்கு, வேறொரு சிறு மின்கலத்தால் ஒலிக்கும் மணி ஒன்றும் வேண்டும்.

வேலை முடிந்தபின், 500 வோல்ட் மெக்கரினால் கம்பிகளின் காப்பை அளக்கலாம். அதற்கு முன் மின்னணுத் தகடுகளைக் கழற்றிவிட வேண்டும். தவறினால் அவை எரிந்துபோகும். இறுதிச் சோதனையைப் பலகையின் முனைகளில் கம்பியைத் தொட்டுச் செய்தல் போதாது. தீயைத் தணித்து, பொறுப்பாளர் உடனிருக்க, மிதவை அறையின் நீரை வெளியேற்றி, மிதவை இறங்கி, சுவிட்சு திறந்து, சாளரம் எரிந்து, ஊதல் ஒலிக்கும் வரை முழுவதையும் கண்ணாற் காண வேண்டும்.

விளக்கும் ஒலியும் மாறும் வரிசை

அபாயம் நேர்ந்தவுடன் உரிய சாளரம் விரைவாக மினுக்கும், ஊதல் ஒலிக்கும். சிப்பந்தி வந்து ஏற்புப் பொத்தானை அழுத்தினால் ஊதல் நிற்கும். சாளரம் மினுக்காமல் நிலையாக எரியும். குறை நீங்கினால் சாளரம் தானாகவே அணையும். அல்லது, மீட்புப் பொத்தானை அழுத்திய பின் அணையும். ஒரு குறைக்காக ஊதலை அடக்கியிருக்கும்போது வேறொரு குறை நேருமாயின், ஊதல் மீண்டும் ஒலித்தே தீர வேண்டும். கணநேரம் தோன்றி மறைந்த குறையையும், ஏற்புப் பொத்தான் அழுத்தப்படும் வரை பலகை நினைவில் வைத்திருத்தல் வேண்டும்.

பல சாளரங்கள் ஒருசேர எரியும்போது முதலில் நேர்ந்தது எது என்பதே கேள்வி. பம்பு நின்றதால் நீர் தாழ்ந்ததா, அன்றி நீர் தாழ்ந்தபின் வேறொன்று நின்றதா என்று தெரிந்தாலன்றிப் பரிகாரம் தேட இயலாது. முதற் குறையின் சாளரம் மற்றவற்றினின்றும் வேறுபட்டு மினுக்கும்படி அமைக்கும் பலகைகளும் உண்டு. கொதிகலன் கூடத்திற்கு அவையே ஏற்றவை.

ஏற்புப் பொத்தானின் பெயர் குறித்து, மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல் கூற விரும்புகிறேன். சில பலகைகளில் இப்பொத்தானின்மேல் ‘நிறுத்து’ என்னும் பொருள்படும் சொல் எழுதப்படுகிறது. நின்றது ஊதலே யன்றி அபாயமன்று. ‘அறிந்தேன்’ என்று எழுதுவதே பொருத்தம். வங்காளி, இந்தி, உருது, ஒரியா, தெலுங்கு ஆகிய மொழிகளைப் பேசும் தொழிலாளர் ஒருங்கே உழைக்கும் ஹவுரா போன்ற இடத்தில், சாளரங்களின் வாசகம் அவர்கள் படிக்கும் எழுத்தில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். ‘நீர் குறைவு’ என்னும் இரு சொற்களைப் படிக்க இயலாதவருக்கு அச்சாளரம் வெறும் சிவப்பு ஒளியே.

ஓயாமல் ஒலிக்கும் ஊதல்

சில ஆண்டுகளுக்கு முன், ஹவுராவில் ஓர் ஆலையின் கொதிகலன் கூடத்தைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கிருந்த ஊதலின் வாயில் சணற் கழிவு திணிக்கப்பட்டிருந்தது. காரணம் கேட்டபோது, முதிய சிப்பந்தி ஒருவர், “பாபு, இது பொழுதெல்லாம் கத்துகிறது. எது மெய், எது பொய் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார். நீராவித் தேவை மாறும்போதெல்லாம் கொதிகலனுள் நீர்மட்டம் சற்றே அலையும். அவ்வலைவு ஒவ்வொன்றிற்கும் சுவிட்சு திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஊதலை அடைத்த கையைக் குறை கூறுவது எளிது. ஆனால் அதனை அடைக்கும்படி செய்தது பலகையை அமைத்த முறையே. குறை மூன்று முதல் ஐந்து விநாடிகள் நீடித்தாலன்றி ஒலிக்காதபடி ஒரு கால ரிலேயைச் சேர்த்திருந்தால் போதும். சுவிட்சு திறக்கும் மட்டத்திற்கும் மீண்டும் மூடும் மட்டத்திற்கும் சிறிது இடைவெளி விடுதலும் இதே பயனைத் தரும். ஆனால், நிமிடக் கணக்கில் தாமதம் வைத்தால் அறிவிப்பே பயனற்றதாகிவிடும்.

இத்தகைய குறை சிறு ஆலைகளுக்கு மட்டுமே உரியதன்று. பிரிட்டனில் வேல்ஸ் பகுதியைச் சேர்ந்த மில்பர்டு ஹேவனில் இருந்த எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் 1994 ஜூலை 24-ஆம் நாள் பெரும் வெடிப்பு நேர்ந்தது. வெடிப்பிற்கு முந்திய 11 நிமிடங்களில், பணியிலிருந்த இருவருக்கு 275 அறிவிப்புகள் வந்தன. அங்கு அமைக்கப்பட்டிருந்த 2,040 அறிவிப்புகளில் 87 சதவீதம் அவசர வகையில் சேர்க்கப்பட்டிருந்தன. எல்லாம் அவசரமானால் எதுவும் அவசரமாகத் தோன்றாது. இத்தகைய அனுபவங்களுக்குப் பின், சாதாரண நிலையில் பத்து நிமிடங்களுக்கு ஓர் அறிவிப்பு என்னும் சராசரிக்கு மேற்படலாகாது என்று அந்நாட்டு வழிகாட்டி நூல் கூறலாயிற்று. சாளரம் ஒன்றைச் சேர்க்குமுன், ‘இது எரிந்தால் சிப்பந்தி செய்ய வேண்டியது என்ன?’ என்று வினவ வேண்டும். விடை இல்லையேல் அச்சாளரம் வேண்டுவதில்லை.

பரிசோதனையும் நடைமுறையும்

விளக்குச் சோதனைப் பொத்தானை ஒவ்வொரு முறைமாற்றத்தின்போதும் அழுத்திப் பார்ப்பது வழக்கம். அது விளக்கும் ஊதலும் நன்றாக உள்ளனவா என்பதை மட்டுமே காட்டும். மிதவை துருப்பிடித்து ஒட்டிக்கொண்டதா என்பதைக் காட்டாது. ஆகவே, மிதவை அறையின் நீரை வெளியேற்றிப் பார்க்கும் சோதனையையும், கொதிகலன் செய்தவர் விதித்த கால அளவில் தவறாது நடத்தி, நாளேட்டில் பதிய வேண்டும்.

சோதனை முடிந்தபின் கருவியைப் பழைய நிலைக்குக் கொணர்தல் சோதனையைப் போலவே முக்கியமானது. இங்கிலாந்தின் பன்ஸ்பீல்டு எண்ணெய்க் கிடங்கில் 2005 டிசம்பர் 11-ஆம் நாள் அதிகாலையில், பெட்ரோல் தொட்டி ஒன்று நிரம்பி வழிந்து, ஆவி தீப்பற்றி வெடித்தது. 43 பேர் காயமுற்றனர். தொட்டியின் அளவுகோல் ஒட்டிக்கொண்டு ஒரே அளவைக் காட்டியது. அதற்கு மாற்றாக இருந்த உயர்மட்டச் சுவிட்சும் இயங்கவில்லை. அச்சுவிட்சின் சோதனை நெம்புகோலை உரிய நிலையில் நிறுத்த ஒரு பூட்டு வேண்டியிருந்தது, அப்பூட்டு மாட்டப்படவில்லை. அது எதற்கென்று அங்கிருந்தோர்க்கு விளக்கப்படாததே காரணம்.

நீர்மட்டத் தாழ்வுச் சாளரம் எரிந்தால் செய்ய வேண்டியதைப் பலகையின் அருகிலேயே எழுதி வைத்தல் நலம். முதலில் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டத்தை நேரே பார்க்க வேண்டும். நீர் தெரிந்தால், பம்பையும் நீரூட்டும் வால்வையும் கவனிக்கலாம். கண்ணாடியில் நீரே தெரியாவிடில், எரிபொருளையும் காற்றையும் உடனே நிறுத்த வேண்டும். அந்நிலையில் அவசரப்பட்டு நீரைப் பாய்ச்சலாகாது. பழுத்த தகட்டின்மேல் நீர் படுவது பேராபத்தாக முடியக்கூடும். அறையிலுள்ளோரை வெளியேற்றி, பொறுப்பாளருக்குத் தெரிவித்து, கொதிகலன் தானே ஆறும் வரை காத்திருக்க வேண்டும்.

ஏதேனும் ஓர் அறிவிப்பைப் பழுது காரணமாகத் தற்காலிகமாக அடக்க நேர்ந்தால், அடக்கியவர் பெயரும் நேரமும் நாளேட்டில் இருக்க வேண்டும். பலகையின்மீதும் சீட்டுக் கட்ட வேண்டும். அடுத்த முறைக்கு வருபவரிடம் வாய்மொழியாகவும் சொல்ல வேண்டும். அதுவரை அச்செய்தியைக் கண்ணாற் காவல் செய்ய ஒருவரை நியமிக்க வேண்டும். விளக்கு எரியாத பலகையைப் பார்த்து, இரவு முறையில் வருபவர் எல்லாம் நலம் என்றே எண்ணி உலைக்குக் கரியிடத் தொடங்குகிறார். அந்த எண்ணம் உண்மையாயிருக்கும்படி செய்வது, பலகையை அமைத்தவர், சோதித்தவர், முந்திய முறையில் அதனைக் காத்தவர் ஆகிய மூவரின் கடமை.